மை தொடாத ஓரம்

எங்கள் ஆய்வகத்துக்குக் கட்டிகள் பாட்டிலில்தான் வரும். வாய் குறுகலான பாட்டிலில் திணித்து அனுப்புகிறவர்களும் உண்டு. போடும்போது சதை மெத்தென்று இருக்கும், வளைந்து கொடுத்து உள்ளே போய்விடும். ஃபார்மலினில் ஒரு ராத்திரி ஊறியதும் வேகவைத்த ஈரல் மாதிரி கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் வெளியே வராது. பாட்டிலைத் துணியில் சுற்றி, சுத்தியலால் தட்டி உடைத்து எடுத்த நாட்கள் எனக்குப் பல உண்டு. அதனால் வருகிறவர்கள் எல்லாரிடமும், "அகலமான வாய் உள்ள டப்பாவுல கொண்டாங்க" என்று சொல்லிவைப்பேன். முப்பது வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

2016-ல் ஒரு பிற்பகல், ஓர் அம்மா மஞ்சப்பைக்குள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பையனுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான், வாலிபால் ஆடுகிறவன். வலது தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்கு நாலு விரல் மேலே ஒரு கட்டி. இரண்டு வருஷமாக இருந்ததாம். நெல்லிக்காய் அளவில் இருந்தது எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகுதான் காட்டியிருக்கிறார்கள். ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். சீட்டில் 'கொழுப்புக் கட்டி' என்று எழுதியிருந்தது.

"ஈசியா வந்துருச்சாம்க்கா. அப்படியே வழுக்கிட்டு வந்துருச்சுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் அந்த அம்மா. அவர் முகத்தில் நிம்மதி இருந்தது.

பாட்டிலுக்குள் நாலு துண்டுகள் கிடந்தன. கொழுப்பு என்றால் மஞ்சளாக இருக்கும், தண்ணீரில் மிதக்கப் பார்க்கும். இவை சாம்பல் கலந்த வெள்ளையாக, மீன் சதைபோல அடியில் கிடந்தன. நான் டாக்டர் இல்லை, தொழில்நுட்ப உதவியாளர். அந்த அம்மாவிடம் நான் எதுவும் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. ரசீதை மட்டும் கையில் கொடுத்தேன்.

கட்டி மேசைக்கு வந்ததும் நாங்கள் செய்கிற முதல் காரியம் அதற்கு மை பூசுவது. வெட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். மேற்பரப்பு முழுவதும் தூரிகையால் கறுப்பு மை தடவி, அது கரையாமல் பிடித்துக்கொள்ள அசெட்டிக் அமிலம் தொட்டு ஒற்றி, காயவிடுவோம். அறை முழுக்க ஊறுகாய்ப் புளிப்பு வாசம் வீசும். மறுநாள் மெழுகில் புதைத்து, நாலு மைக்ரான் கனத்தில் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது சதையின் விளிம்பில் அந்த மை கறுப்புக் கோடாகத் தெரியும். அதுதான் கத்தி போன பாதை. புற்றணுக்கள் அந்தக் கோட்டைத் தொட்டிருந்தால், மிச்சம் இன்னும் ஆளின் உடம்பில் இருக்கக்கூடும். கோட்டுக்கும் அணுக்களுக்கும் நடுவே நல்ல சதை இருந்தால் நல்ல செய்தி. மார்ஜின் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஓரம் என்று நான் சொல்வேன்.

துண்டுதுண்டாக வந்த கட்டிக்கு ஓரம் ஏது? நாலு துண்டுக்கும் எல்லாப் பக்கமும் வெட்டுப்பட்ட பக்கம்தான். எது உள்ளே இருந்தது, எது வெளியே இருந்தது, எது எலும்பைப் பார்த்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு மைப் புட்டியைத் திறந்துவிட்டு மறுபடியும் மூடி வைத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஸ்லைடைப் பார்த்துவிட்டு எங்கள் நோய்க்குறியியல் மேடம் ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டாவது கண்வில்லையில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரே அச்சில் வார்த்த மாதிரி, கதிர்போல நீண்ட அணுக்கள், இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சார்கோமா. அது ஒரு வகைச் சதைப் புற்று. எந்தச் சார்கோமா என்று தெரிய மெழுகுக் கட்டையை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

விஷயம் தெரிந்த பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வலியே இல்லைன்னுதானேக்கா சொன்னான்? வலிக்காத கட்டி எப்படிக்கா கேன்சராகும்?"

அந்தக் கேள்வியை நான் விட்டுவிடவே இல்லை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதும் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். உடம்பையும் நாம் அப்படித்தான் வளர்க்கிறோம். பல்வலி என்றால் அன்று ராத்திரியே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். வலிக்காமல் வளர்கிற ஒன்றைப் 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைக்கிறோம். தொடை மாதிரி இடம் தாராளமாக உள்ள பகுதியில் சார்கோமா வளரும்போது அது பெரும்பாலும் எந்த நரம்பையும் அமுக்குவதில்லை. அமுக்காததால் வலி இல்லை. வலி இல்லாததால் பயம் இல்லை. அந்தப் பையன் இரண்டு வருஷம் அந்தக் கட்டியோடுதான் எம்பி எம்பிப் பந்தடித்திருக்கிறான்.

முதலில் பார்க்கிற டாக்டரின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தோலுக்கடியில் வரும் கட்டிகளில் ஆபத்தில்லாதவை ஏறக்குறைய நூறு என்றால் சார்கோமா ஒன்று. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களிலும் நூற்றில் ஒன்றுதான் சார்கோமா. அந்த ஒன்றுக்குள்ளேயே 50-க்கும் மேற்பட்ட வகைகள். ஊரில் தொழில் செய்கிற ஒரு டாக்டர் ஆயுசு முழுவதும் சேர்த்து இரண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருப்பார். தொண்ணூற்றொன்பது தடவை சரியாக இருந்த கைப்பழக்கம் நூறாவது தடவையும் அதே வேலையைச் செய்கிறது. அந்த டாக்டர் மீது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிறகு அந்தக் கோபம் பழக்கத்தின் மீது திரும்பியது. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியதா, சதைக்குள் ஆழமாக இருக்கிறதா, வளர்ந்துகொண்டே போகிறதா, ஒருமுறை எடுத்து மறுபடி வந்ததா? இவற்றில் எதற்காவது ஆமாம் என்றால் கத்தியைக் கீழே வைக்க வேண்டும். முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அப்புறம் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். கேட்க அவ்வளவு எளிமையாக இருக்கிறது.

வழுக்கிட்டு வந்துருச்சு என்ற சொல்லுக்குத்தான் மேடம் அதிகம் பயந்தார். சார்கோமா வளரும்போது சுற்றியிருக்கும் சதையை நாலாபக்கமும் தள்ளி அமுக்குகிறது. அமுங்கிய சதை ஒரு தோல்போல ஆகிக் கட்டியைச் சுற்றி உறையாக நிற்கிறது. அறுவை செய்கிறவர் கைக்கு அது பத்திரமான எல்லைபோலத் தெரிகிறது. விரலைவிட்டுப் பிரித்தால் கட்டி உரிந்து வந்துவிடுகிறது. அந்த உறை பொய்யான உறை. புற்றணுக்கள் அதைத் துளைத்து ஏற்கெனவே வெளியே போய் நிற்கின்றன. எங்கள் அப்பா வயலில் கோரை பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். "வந்ததைப் பார்க்காதே, வராததைப் பார்" என்று மண்வெட்டியால் ஒரு முழத்துக்குத் தோண்டிக் கிழங்கை எடுப்பார். கட்டியை உரித்து எடுப்பது கோரையைத் தலையைப் பிடித்து இழுப்பதுதான். அதோடு, திறந்த இடத்தில் பரவிய ரத்தம் எதுவரை போயிற்றோ அதுவரை அணுக்களும் போயிருக்கலாம். இந்தப் பையனுக்கு இன்னொன்றும் நடந்திருந்தது. தொடையில் நீளவாக்கில் கீற வேண்டியதைக் குறுக்குவாக்கில் கீறியிருந்தார்கள். சின்ன விஷயம் மாதிரி இருக்கும். அடுத்து அறுக்கப்போகிறவர் அந்தத் தழும்பு முழுவதையும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்பதால், அந்த ஒரு கீறல் எத்தனை விரற்கடை நல்ல தோலைக் கேட்கப்போகிறது என்பதைத் தீர்மானித்துவிட்டது.

மூன்று வாரத்தில் வெளியூர் அறிக்கை வந்தது. அதில் ஒரு படம் இருந்தது. கறுப்புப் பின்னணியில் நீல உருண்டைகள், ஒவ்வொன்றும் ஓர் அணுவின் கரு. உள்ளே சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். 18-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் இரு பக்கமும் இரண்டு நிறத்தில் ஒளிர வைத்துப் பார்க்கிற சோதனை அது. மரபணு முழுதாக இருந்தால் சிவப்பும் பச்சையும் ஒட்டி நின்று மஞ்சளாகத் தெரியும். இதில் பெரும்பாலான உருண்டைகளில் ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் தனித்தனியே விலகிக் கிடந்தன. 18-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு முறிந்து எக்ஸ் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தெந்த மரபணுக்கள் அப்படி ஒட்டுகின்றன என்று 1994-ல் கண்டுபிடித்தார்கள். அம்மா அப்பாவிடமிருந்து வந்த கோளாறு இல்லை, அவன் சாப்பிட்டதாலோ பந்தடித்ததாலோ வந்ததும் இல்லை. எங்கோ ஓர் அணுவில் ஒரு நாள் நேர்ந்த முறிவு. அதை அந்த அம்மாவுக்கு மேடம் நாலு தடவை சொன்னார். "நான் எதுவும் செய்யலைல்ல மேடம்?" என்று அவரும் நாலு தடவை கேட்டார்.

நோயின் பெயர் சைனோவியல் சார்கோமா. பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்களையே அதிகம் தேடி வருவது. அந்தப் பெயரே ஒரு தவறான அடையாளம். மூட்டைச் சுற்றியுள்ள சைனோவியம் என்ற ஜவ்வின் அணுக்கள் மாதிரி நுண்ணோக்கியில் தெரிந்ததால் முன்னோர் அப்படிப் பெயர் வைத்தார்கள். அந்த ஜவ்வுக்கும் இதற்கும் உறவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. மூட்டே இல்லாத நுரையீரலில்கூட இது வருகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்ணால் பார்த்தவற்றை வைத்துப் பெயரிடுவதில் இருக்கிற ஆபத்தை இந்த நோய் இரண்டு முறை காட்டுகிறது. ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்த மேதைகளுக்கு, இன்னொரு முறை கொழுப்புக் கட்டி என்று எழுதிக் கொடுத்த சீட்டில்.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய அந்த ஊசிச் சோதனை என்றதும் நம் ஊரில் ஒரு பயம் உண்டு. ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் சீறிவிடும் என்பார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். முறையாகச் செய்யும் ஊசிச் சோதனையில் சேமியா இழை மாதிரி ஒன்றோ இரண்டோ சென்டிமீட்டர் சதை வரும். அந்த இழை போதும், நோயின் பெயரைச் சொல்லிவிடலாம். ஊசி போகும் வழியைப் பின்னால் அறுவை செய்யப்போகிறவரே குறித்துக் கொடுப்பார். கட்டியை எடுக்கும்போது அந்த வழியையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஊசிக்குப் பயந்து நேரே கத்திக்குப் போகிறவர்கள்தான் உண்மையில் பரவ விடுகிறார்கள். இதை ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து சொல்ல வேண்டும்போல எனக்கு இருக்கும்.

பையன் என்னிடம் ஒரு நாள் நேராகவே கேட்டான்: "காலை எடுத்துருவாங்களாக்கா?"

ஒரு காலத்தில் எடுத்திருப்பார்கள். 1890-ல் நியூயார்க்கில் எலிசபெத் டாஷீல் என்ற பதினேழு வயதுப் பெண், ரயில் இருக்கையில் கை இடுக்கிக்கொண்டதில் வந்த வீக்கம் என்று நினைத்து வில்லியம் கோலி என்ற இளம் மருத்துவரிடம் வந்தாள். அவளுக்கு வலி இருந்தது. சார்கோமா என்று தெரிந்ததும் முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார்கள். அடுத்த ஜனவரியில் அவள் இறந்துபோனாள். கையை எடுத்த பிறகும் ஏன் இறந்தாள் என்பதைக் கோலியால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியின் பழைய ஏடுகளைப் புரட்டி, கழுத்துச் சார்கோமா முற்றிய நிலையில் தோலில் கடுமையான தொற்றுக் காய்ச்சல் வந்து, அதோடு கட்டியும் கரைந்துபோன ஒருவரைப் பற்றிப் படித்தார். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வீடுவீடாகத் தேடி, அந்த மனிதர் பல வருஷம் கழித்தும் உயிரோடிருப்பதைக் கண்டார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டால் அது புற்றை எதிர்க்கும் என்ற எண்ணத்தின் வேர்களில் ஒன்று அந்தத் தேடலில் இருக்கிறது. ஒரு பெண்ணின் மரணத்தை ஏற்க முடியாத ஒருவரின் அலைச்சல் அது.

காலைக் காப்பாற்றியது வேறொரு கேள்வி. உறுப்பையே எடுப்பதுதான் உயிரைக் காக்கிறதா? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு 43 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தது. 16 பேருக்கு உறுப்பை நீக்கினார்கள். 27 பேருக்குக் கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையோடு எடுத்துவிட்டுக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். 1982-ல் வெளியான முடிவின்படி, உறுப்பு தப்பியவர்களில் நாலு பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. உறுப்பை இழந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள், உறுப்பை இழந்தவர்களில் நூற்றுக்கு 88, உறுப்பு தப்பியவர்களில் நூற்றுக்கு 83; கணக்கில் வித்தியாசம் என்று சொல்லும்படி ஏதுமில்லை. இன்று சார்கோமா வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கை கால் தப்புகிறது என்றால், குலுக்கலில் தங்கள் காலையே பணயம் வைக்கச் சம்மதித்த அந்த 43 பேரால்தான். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஸ்லைடுகளை அடுக்கும்போது சில நாள் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

"எடுக்க மாட்டாங்க தம்பி. சதை கொஞ்சம் போகும்" என்றேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இந்த நோய் ரத்தத்தின் வழியே முதலில் நுரையீரலுக்குத்தான் போகும் என்பதால் நெஞ்சுக்கு சி.டி. எடுத்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. பிறகு அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாளாக இருபத்தைந்து தடவை. கீமோதெரபியும் உண்டு. சிவப்பு மருந்து என்று வார்டில் எல்லாரும் சொல்லும் டாக்ஸோரூபிசின், கூடவே இஃபோஸ்ஃபமைடு. இஃபோஸ்ஃபமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி ரத்தம் வரவைக்கும் என்பதால் மெஸ்னா என்ற காவல் மருந்தும் கூடவே ஏறும். சிவப்பு மருந்து இதயத்தைத் தளர்த்தும், அதனால் ஆயுசுக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த மருந்தின் ஆதி இத்தாலியில் காஸ்தெல் தெல் மோன்தே என்ற பழங்கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர். தலைமுடி கொட்டிய பையனிடம் இதைச் சொன்னேன். "மண்ணுலேருந்தா?" என்று பாட்டிலை நிமிர்ந்து பார்த்தான்.

கோலியின் எண்ணம் இப்போது எங்கேயோ வந்துவிட்டது. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை எடுத்து, சைனோவியல் சார்கோமாவை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப ஏற்றுகிற சிகிச்சைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்கான ஆய்வில் 44 பேரில் 19 பேருக்குக் கட்டி சுருங்கியது. எலிசபெத் இறந்து 133 வருஷம். நூற்றாண்டுக்கும் மேலான அந்தக் காத்திருப்பில் எத்தனை பத்தொன்பது வயதுகள் போயிருக்கும் என்று கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது அறுவை ஐந்து மணி நேரம் ஆனது. சாயங்காலம் அறுவை செய்த டாக்டரே சதையை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். எது மேல்பக்கம், எது வெளிப்பக்கம் என்று தெரிய ஒரு குட்டை நூலும் ஒரு நீள நூலும் முடிந்திருந்தார். நான் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "உள்ள மிச்சம் ஏதாவது தெரிஞ்சுச்சா சார்?"

"பார்க்கலையேம்மா" என்றார். "பார்த்திருந்தா தப்பு பண்ணியிருக்கேன்னு அர்த்தம்."

அவர் போன பிறகும் நான் கையுறையைப் போடாமல் நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ வருஷம் இந்த மேசையில் நின்றும் இதை நான் இப்படி யோசித்ததில்லை. முதல் டாக்டர் கட்டியைப் பார்த்தார், தொட்டார், உரித்தார், கையில் ஏந்திக் காட்டினார். அதனாலேயே அவரால் நோயை எடுக்க முடியவில்லை. இவரோ பழைய வெட்டின் உள்பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்காமல், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நல்ல சதைக்குள்ளேயே நடந்து போய்த் திரும்பியிருக்கிறார். பார்க்கத் துடிக்கிற கண்ணை ஐந்து மணி நேரம் அடக்கி வைத்திருக்கிறார். அவருக்காகப் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் முன்பே பார்த்து முடித்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. அறையில் ஒருவர், நுண்ணோக்கியில் மேடம், எங்கோ வெளியூரில் சிவப்பையும் பச்சையையும் எண்ணிய ஒருவர். அத்தனை பேர் கண்ணையும் நம்பியதால்தான் அவர் பார்க்காமல் இருக்க முடிந்தது. நோயை மட்டும் தனியே எடுத்துவிடலாம் என்று ஆசைப்படுகிறோம். நோய் தனியே வருவதில்லை. நலமாக இருக்கும் சதையில் ஒரு பங்கை மனமறிந்து கூடவே கொடுத்தால்தான் அது போகிறது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்ல முன்கூட்டியே அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வருவது சிகிச்சை இல்லை. அந்தப் பையனின் தொடையிலிருந்து ஒரு கைப்பிடி நல்ல தசை போயிருந்தது. அந்தக் கைப்பிடியை அவன் கொடுத்திருந்தான்.

தட்டில் இருந்த சதையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மேலே குறுக்குத் தழும்போடு அகலமான தோல், அதைச் சுற்றிலும் சிவந்த தசை. எந்தப் பக்கம் திருப்பினாலும் தசைதான். மைப் புட்டியைத் திறந்தேன். இந்தத் தடவை பூசுவதற்கு ஓரம் இருந்தது. குட்டை நூல் பக்கம் நீலம், நீள நூல் பக்கம் பச்சை, அடிப்பக்கம் கறுப்பு. காயும்வரை காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஸ்லைடுகள் தயாராயின. கதிர்வீச்சில் வெளுத்த தழும்புத் திசுவின் நடுவே, சின்னக் கொத்தாக, அதே நீண்ட அணுக்கள். வழுக்கி வந்ததில் வராமல் நின்றவை. மேடம் ஸ்லைடை மெல்ல நகர்த்தினார். தழும்பு முடிந்து கொழுப்பு வந்தது, கொழுப்பு முடிந்து தசை. வரிவரியாகத் தசை, இன்னும் தசை. கடைசியில் கறுப்புக் கோடு.

கண்ணை எடுக்காமலே மேடம் ஸ்கேலுக்குக் கையை நீட்டினார். கண்ணாடியின் மேல் வைத்து அளந்தார். "பதினாலு மில்லிமீட்டர். எழுதிக்கோம்மா" என்றார்.

எழுதிவிட்டு நிமிர்ந்தேன். வெளியே பெஞ்சில், வெறும் மஞ்சப்பையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.